கம்பெனிக்கு இன்டர்நெட் கார்ட்லெஸ் ஃபோன்: என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

திருப்பூர், அவிநாசி, பல்லடம் பக்கம் பனியன் கம்பெனிகளுக்கும் குடோன்களுக்கும் ஃபோன் மாட்டிக் கொடுப்பது என் வேலை. முன்பெல்லாம் செம்புக் கம்பியும் இன்டர்காம் பெட்டியுமாக அலைந்தேன். இப்போது கேட்பவர்களில் பாதிப் பேருக்கு இன்டர்நெட்டில் ஓடும் கார்ட்லெஸ்தான் வேண்டும். வாட்ஸ்அப்பில் வரும் சந்தேகங்களோ அரைத்த மாவையே அரைப்பவை. ஒவ்வொருவருக்கும் வாய்ஸ் நோட் போட்டு மாளவில்லை என்பதால் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

வீட்டு ஹாலில் இருக்கிற கார்ட்லெஸ்தானே இது? இதில் புதுசா என்னங்க இருக்கு?

ஹேண்ட்செட்டைக் கையில் எடுத்தால் வித்தியாசம் தெரியாது. அதற்கும் பேஸ் பெட்டிக்கும் இடையே ஓடுவதும் அதே டெக்ட் ரேடியோதான். 1990களின் தொடக்கத்தில் ஐரோப்பாவில் வகுத்த முறை. மாற்றம் பெட்டியின் முதுகுப் பக்கம் இருக்கிறது. வீட்டு செட்டில் டெலிஃபோன் ஒயர் செருகும் சின்ன ஓட்டை இருக்கும். இதில் கம்ப்யூட்டர் கேபிள் செருகும் அகலமான ஓட்டை. நீங்கள் பேசுவதை இந்தப் பெட்டி பொட்டலம் கட்டி, பொதுவாக நொடிக்கு 50 பொட்டலம் வீதம் நெட்டில் அனுப்பிக்கொண்டே இருக்கும்.

யார் யாரை அழைக்கிறார், மணி அடிக்கிறதா, எடுத்தாயிற்றா, வைத்தாயிற்றா என்கிற சங்கதிகளைக் கவனித்துக்கொள்வது சிப் என்ற நெறிமுறை. எஸ்.ஐ.பி. என்று எழுத்துக் கூட்டிச் சொல்பவர்களும் உண்டு, இரண்டும் ஒன்றே. 'சிப் அக்கவுண்ட் வேணும்' என்று நான் கேட்டபோது செல்ஃபோனைத் திறந்து சிம் கார்டை எடுத்து நீட்டிய முதலாளி ஒருவர் இருக்கிறார்.

ஆளுக்கு ரெண்டு செல்ஃபோன் வெச்சிருக்கோம். இது எதுக்கு?

வேண்டாம் என்றால் வேண்டாம்தான். நாலு பேர் மட்டும் வேலை செய்யும் இடத்தில் நான் இதை வற்புறுத்துவதில்லை.

ஆனால் ஒன்றை யோசியுங்கள். பையர்களோடு பேசி ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் வேலையை விட்டுப் போகும்போது அவர் நம்பரும் கூடவே போகிறது. அந்த நம்பரில் பழகிய பையர்களும் போகிறார்கள். கம்பெனி நம்பர் கம்பெனியிலேயே இருக்கும். வந்த அழைப்பை ஆபீஸிலிருந்து கட்டிங் செக்‌ஷனுக்கு மாற்றிவிடலாம். மூன்று பேருக்கு ஒரே நேரத்தில் மணி அடிக்கச் செய்யலாம். மிஸ்டு கால் யார் மொபைலில் கிடக்கிறது என்று தேட வேண்டியதில்லை. இது அத்தனையும் தேவைப்படும் இடத்தில் இந்தச் செலவு செரிக்கும்.

எங்களுக்கு ஒரே ஒரு லைன். ஃபைபர் நெட் இருக்கு. எந்த மாடல் வாங்கட்டும்?

எதையும் வாங்காதீர்கள். உங்கள் ஃபைபர் மோடத்தின் பின்னால் பாருங்கள். பிஎஸ்என்எல், ஏர்டெல், ஜியோ என யார் கொடுத்த மோடமாக இருந்தாலும் பெரும்பாலும் 'ஃபோன்' என்று எழுதிய சின்ன ஓட்டை ஒன்று இருக்கும். அதில் சாதாரண வீட்டு கார்ட்லெஸ்ஸைச் செருகினால் போதும். இன்டர்நெட் வேலையை மோடமே பார்த்துக்கொள்ளும். இதைச் சொல்லியே எனக்குச் சில ஆர்டர்கள் போயிருக்கின்றன. பரவாயில்லை.

வைஃபை ஃபோன் என்று ஒன்று விற்கிறார்களே, அது நல்லதா இது நல்லதா?

குடோன், தறிக்கூடம், பேக்கிங் செக்‌ஷன் என்றால் என் ஓட்டு டெக்ட்டுக்கே. வைஃபையில் பேசிக்கொண்டே ஒரு ரவுட்டரின் எல்லையிலிருந்து இன்னொன்றின் எல்லைக்கு நடந்தால், நல்ல தரமான கருவிகள் இல்லாத இடத்தில் குரல் விழுந்துவிடும். அதோடு 2.4 கிகாஹெர்ட்ஸில் பக்கத்து கம்பெனி வைஃபை, புளூடூத், கேன்டீன் மைக்ரோவேவ் எல்லாம் சந்தைக்கடையாகக் கிடக்கும். டெக்ட்டுக்கு 1880 முதல் 1900 மெகாஹெர்ட்ஸ் வரை தனிப் பாதை. அதை 10 அலைவரிசைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் 12 பேச்சு ஓடும்படி வைத்திருக்கிறார்கள். எது காலி என்று செட்டே தேடி எடுத்துக்கொள்ளும். நீங்கள் சேனல் எண் எதையும் மாற்றிக்கொண்டிருக்க வேண்டாம்.

மச்சான் அமெரிக்காவில் இருந்து நல்ல செட் கொண்டு வந்திருக்கார். அதை மாட்டிக் கொடுங்க.

மாட்டித் தர மாட்டேன். பெட்டியில் 'டெக்ட் 6.0' என்று போட்டிருந்தால் அது அமெரிக்காவுக்கு என்று செய்தது. 1920 முதல் 1930 மெகாஹெர்ட்ஸில் வேலை செய்யும். இங்கே அது மொபைல் கம்பெனிகளின் 2100 பேண்டுக்குள் வரும் இடம். உங்கள் செல்ஃபோன் டவருக்குப் பேசும் அலைவரிசையில் நீங்களே சத்தம் போடுகிற மாதிரி ஆகிவிடும், சட்டப்படியும் தப்பு. '6.0' என்பதைப் பார்த்து ஆறாவது தலைமுறை என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். வெறும் விற்பனைப் பெயர் அது.

சரி, எங்களுக்கு ஏழு எட்டு ஹேண்ட்செட் வேணும். எந்தப் பெட்டி தாங்கும்?

ஒரு பேஸ் பெட்டியில் எத்தனை ஹேண்ட்செட் சேரும் என்பதற்கு மாடலுக்கு மாடல் கணக்கு உண்டு. கிராண்ட்ஸ்ட்ரீம் டிபி750 என்றால் 5. யீலிங்க் டபிள்யூ60பி, பானசோனிக் டிஜிபி600 இரண்டும் 8. யீலிங்க் டபிள்யூ70பி என்றால் 10. வாங்கும்போது இன்னொரு எண்ணையும் கேளுங்கள்: ஒரே நேரத்தில் எத்தனை பேச்சு? எட்டு ஹேண்ட்செட் சேர்ந்துவிடும். ஐந்தாவது ஆள் பேச எடுத்தால் 'பிசி' என்று வரும் பெட்டிகளும் சந்தையில் உண்டு. அதைவிட முக்கியம், வாங்கிய லைனில் எத்தனை பேச்சுக்கு அனுமதி என்பது. பெட்டி எட்டு தாங்கும், லைன் இரண்டுதான் என்றால் மூன்றாவது பையருக்கு எங்கேஜ் டோன்தான் கேட்கும்.

நம்பர் யாரிடம் வாங்குவது? பழைய லேண்ட்லைன் நம்பரை விட முடியாதுங்க, லெட்டர்பேடு பூரா அச்சடிச்சிருக்கு.

உரிமம் பெற்ற தொலைபேசி நிறுவனத்திடம் சிப் டிரங்க், அதாவது ஒரே இணைப்பில் பல பேச்சு ஓடும் இன்டர்நெட் லைன் வாங்கலாம். அல்லது அப்படிப்பட்ட நிறுவனத்தோடு சேர்ந்து கிளவுட் எக்ஸ்டென்ஷன் தருபவர்களிடம் வாங்கலாம். டிரங்க் என்றால் உங்கள் இடத்தில் ஒரு ஐ.பி. எக்ஸ்சேஞ்ச் பெட்டி தேவைப்படும், ஹேண்ட்செட்டுகள் அதன் எக்ஸ்டென்ஷன்களாக உட்காரும். கிளவுட் என்றால் எக்ஸ்சேஞ்ச் அவர்கள் சர்வரிலேயே ஓடும், உங்கள் இடத்தில் அந்தப் பெட்டி வேண்டாம், மாதக் கட்டணம் உண்டு.

மொபைலில் நம்பர் மாறாமல் கம்பெனி மாறுகிறோமே, அந்த வசதி லேண்ட்லைனுக்கு இங்கே கிடையாது. அதே நிறுவனம் செம்புக் கம்பியிலிருந்து ஃபைபருக்கு மாற்றித் தந்தால் நம்பர் தங்கும். வேறு நிறுவனம் என்றால் பழைய லைனை உயிரோடு வைத்துக்கொண்டு, அதைப் புது நம்பருக்கு ஃபார்வர்டு செய்யுங்கள். அல்லது ஒரு கேட்வே பெட்டி வைத்துப் பழைய லைனையும் எக்ஸ்சேஞ்சுக்குள் இழுத்துவிடலாம். லெட்டர்பேடு தீரும்வரை ஓட்டலாம்.

இன்னொன்று. வெளிநாட்டு அழைப்பை நெட்டில் கொண்டுவந்து நம்ம ஊர் சிம்மில் இறக்கித் தருகிறேன், காசு மிச்சம் என்று யாராவது வந்தால் டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள். அது சிம் பாக்ஸ் வேலை. வீட்டுக்குப் போலீஸ் வரும்.

நானே மாட்டிக்கலாமா? எங்கே ஆரம்பிக்கணும்?

தாராளமாக மாட்டலாம். ஒரு மணி நேர வேலை.

ஹேண்ட்செட்டில் பேட்டரியைப் போட்டு முதலில் சார்ஜில் வைத்துவிடுங்கள். பேட்டரி மேல் மெல்லிய பிளாஸ்டிக் பட்டை இருந்தால் அதை உருவிய பிறகு. அந்த நேரத்தில் பேஸ் பெட்டியிலிருந்து நெட்வொர்க் கேபிளை (பல கேபிள்களைச் சேர்க்கும்) நெட்வொர்க் ஸ்விட்சுக்கோ ரவுட்டருக்கோ இழுங்கள். கேபிள் வழியாகவே கரண்டும் தரும் பி.ஓ.ஈ. ஸ்விட்ச் இருந்தால், அதைத் தாங்கும் பெட்டிக்குத் தனி அடாப்டர் வேண்டாம். பெட்டியைச் சுவரில் எங்கு வேண்டுமானாலும் ஏற்றலாம் என்பதால் நான் எப்போதும் அதையே சொல்வேன்.

அடுத்து ஹேண்ட்செட்டைப் பெட்டியோடு சேர்க்க வேண்டும். பெட்டியில் இருக்கும் ஒரே பொத்தானை விளக்கு மினுக்கத் தொடங்கும்வரை அழுத்திப் பிடியுங்கள். ஹேண்ட்செட் மெனுவில் 'ரெஜிஸ்டர்' என்று இருப்பதைத் தட்டுங்கள். பின் நம்பர் கேட்டால் பெரும்பாலும் 0000. சில நொடிகளில் பீப் சத்தத்தோடு சேர்ந்துவிடும். இதோடு முடிந்தது என்று பலர் டயல் செய்து பார்ப்பார்கள், ஒன்றும் நடக்காது. ஹேண்ட்செட்டுக்கும் பெட்டிக்கும்தான் இப்போது சம்பந்தம் ஆகியிருக்கிறது. பெட்டிக்கும் லைனுக்கும் இன்னும் ஆகவில்லை.

ஹேண்ட்செட் மெனுவில் 'ஸ்டேட்டஸ்' பக்கத்தில் பெட்டியின் ஐ.பி. முகவரி இருக்கும், 192.168 என்று தொடங்குகிற மாதிரி. அதை அதே நெட்வொர்க்கில் உள்ள கம்ப்யூட்டரின் பிரவுசரில் அடித்தால் பெட்டியின் உள்பக்கம் திறக்கும். உள்ளே போனதும் முதல் வேலை, கம்பெனி போட்டு அனுப்பிய பாஸ்வேர்டை மாற்றுவது. அப்புறம் அக்கவுண்ட் பக்கம். சர்வர் முகவரி, யூசர் நேம், ஆத்தென்டிகேஷன் நேம், பாஸ்வேர்டு நான்கும் லைன் கொடுத்தவர் அனுப்பியிருப்பார். யூசர் நேமும் ஆத்தென்டிகேஷன் நேமும் சில இடங்களில் வேறு வேறாக இருக்கும், கவனம்.

போன வருடம் ஒரு எம்பிராய்டரி யூனிட்டில் இந்த இடத்தில் எனக்கு முக்கால் மணி நேரம் போனது. எல்லாம் சரி, ஆனால் 'ரெஜிஸ்டர்டு' என்று வரவே மாட்டேன் என்கிறது. பெட்டியை மாற்றினேன், கேபிளை மாற்றினேன். கடைசியில் பார்த்தால் பாஸ்வேர்டை வாட்ஸ்அப்பிலிருந்து காப்பி செய்தபோது கடைசியில் ஒரு இடைவெளியும் சேர்ந்து வந்திருக்கிறது. புள்ளி புள்ளியாகக் காட்டும் பெட்டியில் அது கண்ணுக்குத் தெரியாது. அன்றிலிருந்து பாஸ்வேர்டைக் கையால்தான் அடிக்கிறேன்.

'ரெஜிஸ்டர்டு' வந்தபின் எந்த அக்கவுண்ட் எந்த ஹேண்ட்செட்டில் அடிக்க வேண்டும் என்று ஒரு கட்டம் இருக்கும், அதில் டிக் போடுங்கள். பல பெட்டிகளில் முதல் அக்கவுண்ட் முதல் ஹேண்ட்செட்டுக்கு மட்டும் என்று வந்திருக்கும். 'ஒண்ணுல மட்டும்தான் அடிக்குது' என்று வரும் புகார்களில் முக்கால்வாசி இது. நேரத்தை +5:30 ஆக்குங்கள். ரவுட்டரில் பெட்டிக்கு நிலையான முகவரி ஒதுக்கிவிடுங்கள், அடுத்த முறை தேட வேண்டியிருக்காது.

பெட்டியை எங்கே வைக்கட்டும்?

என்னைக் கேட்டால் மொத்த வேலையும் இந்த ஒரு கேள்விதான். பத்துப் பதினைந்தாயிரம் கொடுத்து வாங்கிய பெட்டியைத் தப்பான இடத்தில் வைத்துவிட்டு, 'செட் சரியில்லை' என்று திருப்பிக் கொடுத்தவர்களை எனக்குத் தெரியும்.

ஒரு கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் ரூமில் இருந்த இரும்பு பீரோவுக்குள் வைத்திருந்தார்கள். விலை உயர்ந்த சாமான், திருடு போய்விடக் கூடாதாம். கேபிளுக்காகப் பீரோவில் அழகாக ஓட்டை வேறு போட்டிருந்தார்கள். ரேடியோ அலை இரும்பைத் தாண்டாது. ஸ்டீல் ரேக், லிஃப்ட் தண்டு, ஷீட் தடுப்பு எல்லாம் சுவர் மாதிரி நிற்கும். தண்ணீர்த் தொட்டியும் ஈரத்துணிக் குவியலும் சிக்னலைக் குடிக்கும். செங்கல் சுவர் கொஞ்சம் குறைக்கும், கம்பி கட்டிய கான்கிரீட் நிறையக் குறைக்கும்.

பேசப்போகும் இடங்களின் நடுவில், ஆள் உயரத்துக்கு மேலே, வெளிப்படையாகச் சுவரில் நிமிர்த்தி மாட்டுங்கள். ரவுட்டர் இருக்கும் மூலையில்தான் வைக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. நெட்வொர்க் கேபிள் 100 மீட்டர் வரை போகும்.

ஆணி அடிப்பதற்கு முன் நாங்கள் ஒரு சோதனை செய்வோம். பெட்டியை ஏணி மேல் தற்காலிகமாக வைத்துவிட்டு, ஹேண்ட்செட்டை என் பையன் கையில் கொடுத்து நடக்கவிடுவேன். அவன் ஒன்று, இரண்டு என்று சத்தமாக எண்ணிக்கொண்டே போக வேண்டும். நான் ஆபீஸில் ஃபோனைக் காதில் வைத்துக் கேட்பேன். "இருபத்தஞ்சு, இருபத்தாறு, ...பத்தெட்டு, ...ப்பது" என்று எண் உடைந்தால் அவனை அங்கேயே நிற்கச் சொல்லி, சுவரில் சாக்பீஸால் ஒரு கோடு. இரண்டு கோடுகள் பக்கத்துப் பக்கத்தில் விழுந்தால் நடுவில் ஏதோ இரும்பு இருக்கிறது. ஹேண்ட்செட்டில் தெரியும் சிக்னல் கோடுகளை நான் நம்புவதில்லை. நின்ற இடத்தில் நான்கு கோடு காட்டும், திரும்பி நின்றால் உடம்பே மறைத்து இரண்டாகும்.

பெட்டி மேல் 300 மீட்டர் என்று போட்டிருக்கு. எங்க குடோன் 80 மீட்டர்தான். வரலியே?

300 மீட்டர் என்பது வெட்டவெளிக் கணக்கு. அதே பெட்டியின் அட்டையில் கொஞ்சம் சின்ன எழுத்தில் 'கட்டடத்துக்குள் 50 மீட்டர்' என்றும் இருக்கும். கட்டடத்துக்குள் என்றால் அவர்கள் நினைப்பது மரத்தடுப்பு ஆபீஸ். நம்முடையது ஷீட் கூரையும் இரும்புத் தூணும்.

டெக்ட்டுக்குத் தூரம் போகத் தெரியாது என்றும் சொல்ல முடியாது. 1990களில் சென்னை ஐஐடியில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் குழுவும் மைடாஸ் நிறுவனமும் சேர்ந்து 'கார்டெக்ட்' என்று ஒன்றைச் செய்தார்கள். இதே டெக்ட்டை வைத்துக் கம்பி இழுக்காமல் கிராமத்து வீடுகளுக்கு ஃபோனும் இன்டர்நெட்டும் தரும் ஏற்பாடு. நேர்ப்பார்வை இருந்தால் 10 கிலோமீட்டர் வரை போனது. ஆனால் அங்கே கோபுரமும் கூரை மேல் திசை பார்த்து வைத்த ஆன்டெனாவும் இருந்தன. உங்களிடம் இருப்பது உள்ளங்கை அகலப் பெட்டி, எதிரே பத்தடி உயரத்துக்குத் துணி ரோல்.

அப்போ இன்னொரு பெட்டி வாங்கிப் போட்டால் தீருமா?

எந்த வகை என்பதைப் பொறுத்தது. ரிப்பீட்டர் வாங்கினால் கேபிள் வேண்டாம், கரண்ட் மட்டும் போதும். பெட்டியின் சிக்னல் நன்றாக எட்டும் இடத்தில் வைக்க வேண்டும், எட்டாத இடத்தில் அல்ல. இதில்தான் எல்லோரும் தவறுவது. ஆனால் அது தூரத்தை மட்டும் நீட்டும், ஒரே நேரத்தில் பேசும் எண்ணிக்கையைக் கூட்டாது.

சாதாரணப் பெட்டிகள் இரண்டை வாங்கி ஹேண்ட்செட்டை இரண்டிலும் சேர்க்கலாம். சும்மா இருக்கும்போது கிட்டே இருப்பதைப் பிடித்துக்கொள்ளும், பேசிக்கொண்டே நடந்தால் கட் ஆகும். பேச்சு அறாமல் ஒரு பெட்டியிலிருந்து இன்னொன்றுக்குக் கைமாற வேண்டுமென்றால் மல்டிசெல் வகைதான் வேண்டும். விலை ஏறும். மூன்று மாடி, இரண்டு கட்டடம் என்றால் தயங்காமல் அதற்குப் போங்கள்.

நான் பேசுறது அவங்களுக்குக் கேக்குது, அவங்க பேசுறது எனக்குக் கேக்கலை. செட் போச்சா?

செட் நன்றாக இருக்கிறது. ரவுட்டர்தான் விளையாடுகிறது.

உங்கள் பெட்டி அழைப்பை அனுப்பும்போது, 'குரலை இந்த முகவரிக்கு அனுப்பு' என்று கடிதத்துக்குள் தன் முகவரியை எழுதி அனுப்புகிறது. அது எழுதுவது 192.168 என்கிற வீட்டு முகவரி. வெளியுலகுக்கு அந்த முகவரி தெரியாது, ஆகவே எதிர்முனைக் குரல் வழி தெரியாமல் போகிறது. இதைச் சரிசெய்கிறேன் என்று ரவுட்டர்களுக்குள் 'சிப் ஏ.எல்.ஜி.' என்ற ஒன்றை வைத்திருக்கிறார்கள். கடிதத்தைப் பிரித்து முகவரியைத் திருத்தும் வேலை அதற்கு. பாதி ரவுட்டர்களில் அது அரைகுறையாகத் திருத்தி, இருந்ததையும் கெடுக்கும். கிளவுட் சேவை தருபவர்கள் பெரும்பாலும் தங்கள் சர்வரிலேயே இந்தக் கோளாறைச் சமாளித்துக்கொள்கிறார்கள். ஆகவே ரவுட்டரில் சிப் ஏ.எல்.ஜி.யை அணைத்துவிடுங்கள். பத்தில் ஏழெட்டு இடத்தில் அதோடு தீர்ந்துவிடும்.

இதற்குத் தங்கச்சி ஒன்று உண்டு: 'நாங்க கூப்பிட்டால் போகுது, எங்களுக்கு வர்ற கால் மட்டும் அடிக்கலை, பெட்டியை ஆஃப் பண்ணி ஆன் பண்ணினா கொஞ்ச நேரம் அடிக்குது.' சும்மா இருக்கும் இணைப்பை ரவுட்டர் மறந்துவிடுகிறது. பெட்டியில் 'கீப் அலைவ்' என்பதை 30 நொடி என்று வையுங்கள். ஃபைபர் மோடம் ஒன்று, அதற்குப் பின்னால் நீங்கள் வாங்கிய ரவுட்டர் ஒன்று என்று இரண்டு அடுக்கு இருந்தால் ஒன்றை வெறும் பாலமாக மாற்றச் சொல்லுங்கள். ரவுட்டரில் வெளியிலிருந்து உள்ளே வரும் வாசலான போர்ட்டைத் திறந்துவிட்டால் சரியாகும் என்று இணையத்தில் எழுதியிருப்பார்கள். செய்யாதீர்கள். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

குரல் விட்டு விட்டு வருது.

ஹேண்ட்செட்டை எடுத்துக்கொண்டு பேஸ் பெட்டிக்கு ஒரு கஜ தூரத்தில் போய் நின்று பேசுங்கள். சரியாகிவிட்டால் கோளாறு ரேடியோவில். மேலே 'எங்கே வைக்கட்டும்' என்பதைப் படியுங்கள். அங்கேயும் உடைந்தால் கோளாறு நெட்டில்.

நெட்டில் என்றால் வேகம் குறைவு என்று உடனே பிளானை ஏற்ற வேண்டாம். குரலைப் பொட்டலம் கட்டும் வழக்கமான ஜி.711 முறையில் ஒரு பேச்சுக்கு நொடிக்குப் போக 90, வர 90 கிலோபிட் ஆகும். ஐந்து பேர் சேர்ந்து பேசினாலும் ஒரு பக்கத்துக்கு அரை மெகாபிட்டைத் தொடாது. எதிரி வேறு. ஒரு கம்பெனியில் தினமும் சாயங்காலம் ஆறரை ஆனால் குரல் உடையும். பார்த்தால் அந்த நேரத்தில்தான் பிரிண்டிங் செக்‌ஷனிலிருந்து பெரிய பெரிய டிசைன் ஃபைல்களை மேலே ஏற்றுகிறார்கள். லாரி போகிற ரோட்டில் சைக்கிள் மாட்டிக்கொண்ட கதை. ரவுட்டரில் முன்னுரிமை என்கிற கியூ.ஓ.எஸ். பகுதியில் பேஸ் பெட்டியின் முகவரிக்கு முதலிடம் கொடுத்து, மொத்த அப்லோடுக்கு ஒரு வரம்பும் வைத்தபின் சரியானது. கேமராப் பதிவை கிளவுடுக்கு ஏற்றும் இடங்களிலும் இதே கதைதான்.

குரல் உடையாமல், நீங்கள் பேசி முடிப்பதற்குள் அவரும் பேசத் தொடங்கி இருவரும் முட்டிக்கொள்கிறீர்கள் என்றால் அது தாமதம். ஒரு பக்கத்துக்கு 150 மில்லிநொடிக்குள் இருந்தால் காதுக்குத் தெரியாது.

மொபைலுக்கு அடிச்சா 'நம்பரைச் சரிபார்க்கவும்'னு சொல்லுது.

முன்னால் 0 போடுங்கள். 2021 ஜனவரி 15 முதல் லேண்ட்லைனிலிருந்து மொபைலுக்கு அழைத்தால் 0 கட்டாயம். உங்கள் இன்டர்நெட் நம்பரும் லேண்ட்லைன் கணக்கில்தான் சேரும். ஒவ்வொருவருக்கும் சொல்லிக் கொடுப்பதற்குப் பதில், பெட்டியில் 'டயல் பிளான்' பகுதியில் 6, 7, 8, 9-இல் தொடங்கும் 10 இலக்க எண் வந்தால் முன்னால் 0 சேர்க்கச் சொல்லிவிடலாம். செல்ஃபோனிலிருந்து காப்பி செய்த +91 எண்களுக்கும் அதே இடத்தில் ஒரு விதி எழுதலாம்.

கரண்ட் போனா?

போகும், ஃபோனும் சேர்ந்தே போகும். பழைய லேண்ட்லைனுக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்தே கம்பியில் கரண்ட் வந்தது, இதற்கு வராது. ஃபைபர் மோடம், ரவுட்டர், ஸ்விட்ச், பேஸ் பெட்டி நான்கும் யுபிஎஸ்ஸில் இருக்க வேண்டும். மூன்றைப் போட்டுவிட்டு ஸ்விட்சை மறந்தவர்கள் உண்டு. ஜெனரேட்டர் இருக்கிறதே என்பார்கள். அது எடுக்கும் அரை நிமிடத்தில் மோடம் அணைந்து, மறுபடி எழுந்து லைன் பிடிக்க இரண்டு மூன்று நிமிடம் ஆகும்.

ரவுட்டருக்கு என்று விற்கும் சின்ன யுபிஎஸ் வாங்கினால் வோல்டேஜைப் பாருங்கள். ரவுட்டர் பெரும்பாலும் 12 வோல்ட், பேஸ் பெட்டிகள் பல 5 வோல்ட். பின் ஒன்றுபோல இருக்கும். மாற்றிச் செருகினால் பெட்டி அவ்வளவுதான்.

108, 112 பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இணைப்பு கிடைத்தாலும், லைன் எந்த முகவரியில் பதிவாகியிருக்கிறதோ அதுவே உங்கள் இடம் என்று அவர்கள் நினைக்கக்கூடும். வாட்ச்மேன் வரை எல்லோருக்கும் கம்பெனி முகவரியை வாயால் சொல்லப் பழக்கி வையுங்கள். கூடவே ஒரு செல்ஃபோனும் இருக்கட்டும்.

யாராவது ஒட்டுக் கேட்க முடியுமா?

2008 டிசம்பரில் பெர்லினில் நடந்த கேயாஸ் கம்ப்யூட்டர் மாநாட்டில், ஒரு லேப்டாப் கார்டை வைத்து டெக்ட் பேச்சைப் பிடித்துக் காட்டினார்கள். என்கிரிப்ஷன் (பேச்சைப் பூட்டி அனுப்பும் ஏற்பாடு) போடாமல் விற்ற செட்டுகள் அதில் அப்படியே மாட்டின. அதற்குப் பிறகு பாதுகாப்பு இறுகியிருக்கிறது. பெட்டியில் என்கிரிப்ஷன் ஆன் ஆகியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், பெட்டிக்குள் ஓடும் மென்பொருளான ஃபர்ம்வேரைப் புதுப்பித்து வையுங்கள்.

நான் பயப்படுவது வேறொன்றுக்கு. பல வருடம் முன்பு ஒரு எக்ஸ்சேஞ்ச் பெட்டியில் எக்ஸ்டென்ஷன் 101-க்கு 101 என்றே பாஸ்வேர்டு வைத்தேன், அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்று. வெளியூரிலிருந்து பார்ப்பதற்கு வசதியாக, சிப் வழக்கமாகப் பயன்படுத்தும் 5060 போர்ட்டையும் திறந்துவிட்டேன். ஒரு ஞாயிறு ராத்திரி, கம்பெனியே பூட்டிக் கிடக்கும்போது, அந்த எக்ஸ்டென்ஷனிலிருந்து கேள்விப்படாத நாடுகளுக்கு விடிய விடிய அழைப்புகள் போயிருக்கின்றன. இணையத்தில் இப்படித் திறந்து கிடக்கும் போர்ட்டைத் தேடுவதற்கென்றே இரவு பகலாக நிரல்கள் ஓடுகின்றன. பில் வந்தபோது முதலாளி என்னைத் திட்டக்கூட இல்லை, தாளை மட்டும் மேஜையில் திருப்பி வைத்தார். பாதியை நான் கட்டினேன்.

ஐ.எஸ்.டி. தேவையில்லை என்றால் லைன் கொடுத்தவரிடமே பூட்டச் சொல்லுங்கள். தேவை என்றால் நாடுகளைக் குறிப்பிட்டு, நாள் வரம்பும் வைக்கச் சொல்லுங்கள்.

பேட்டரி சீக்கிரம் இறங்குது. கடையில் சாதாரண ஏஏஏ செல் வாங்கிப் போட்டுக்கலாமா?

கூடாது. சார்ஜ் ஏறாத செல்லைச் சார்ஜரில் வைத்தால் கசியும், வெடிக்கவும் கூடும். நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு என்று எழுதிய ரீசார்ஜபிள் செல் மட்டும். லித்தியம் பேட்டரி மாடல் என்றால் அந்த மாடலுக்கானதே. பேட்டரி உப்பி மூடி எழும்பியிருந்தால் அன்றே எடுத்துவிடுங்கள். பனியன் கம்பெனியில் சார்ஜர் ஊசிகளில் பஞ்சுத் தூசி படியும், அதனாலும் சார்ஜ் ஏறாது. வாரம் ஒரு முறை காய்ந்த துணியால் துடையுங்கள்.

ரேடியேஷன் வருமா? இடுப்பிலேயே மாட்டிக்கிட்டு சுத்துறாங்க.

ஐரோப்பிய டெக்ட் ஹேண்ட்செட் உச்சத்தில் 250 மில்லிவாட் அனுப்பும். ஆனால் 24 சின்ன நேரக்கட்டங்களில் ஒன்றில் மட்டுமே வாய் திறப்பதால் சராசரி 10 மில்லிவாட் அளவில்தான். பேச்சில் இல்லாதபோது அதுவும் இல்லை.

ஹேண்ட்செட்டைக் காணோம்!

பேஸ் பெட்டியில் இருக்கும் அதே பொத்தானை இந்த முறை லேசாக ஒரு தட்டு தட்டுங்கள். அழுத்திப் பிடிக்க வேண்டாம், அது ரெஜிஸ்டர் வேலை. சேர்ந்திருக்கும் ஹேண்ட்செட்டுகள் எல்லாம் ஒன்றாகக் கத்தும். பேட்டரி இருக்கும்வரைதான் இந்த வித்தை பலிக்கும், அதனால் காணோம் என்று தெரிந்த உடனே தட்டுங்கள். பேக்கிங் செக்‌ஷனில் ஒருமுறை தட்டியபோது சத்தம் டேப் ஒட்டி முடித்த அட்டைப் பெட்டிகளுக்குள்ளிருந்து வந்தது. தூத்துக்குடிக்குப் போகும் கண்டெய்னர் வாசலில் நிற்கிறது. எந்தப் பெட்டி என்று காது வைத்துக் கேட்டுக் கேட்டு, பதினோராவது பெட்டியில், இரண்டு டஜன் டி-ஷர்ட்டுக்கு நடுவில் எடுத்தார்கள்.